சொந்த வார்த்தைகளில் எழுதவும்

படிவம் அப்படித்தான் கேட்கிறது.
கீழே பதினொரு கோடுகள்.
போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம்.

நான், ராக்ஸேன் பெல்க்கி,
ராணுவத்தில் லாரி ஓட்டினேன்.
இப்போது டுலூத்தில் பள்ளிப் பேருந்து.
கார்ப்பரல் லெய்ஃப் டோர்வினெனை
இரண்டாயிரத்து ஏழு மார்ச்சிலிருந்து தெரியும்.
இதுவரை சரி.

இனி புகை.
முகாமுக்கு வடக்கே ஒரு பள்ளம்.
அதற்குள் ஒரு கால்பந்து மைதானத்தை இறக்கிவிட்டு
மிச்ச இடத்தில் டிரெய்லரைத் திருப்பலாம்.
சாப்பாட்டுத் தட்டு, டயர், பேட்டரி, பெயின்ட் டப்பா,
மருத்துவக் கூடாரத்தின் சிவப்புப் பைகள்,
எல்லாவற்றின் மேலும் விமான எண்ணெய்.
இரவும் பகலும் எரிந்தது.
காற்று தெற்கே திரும்பிய நாட்களில்
தலையணை உறை கறுத்தது. சளியும்.
அதற்குக் காபி என்று பெயர் வைத்துச் சிரித்தோம்.
மேலிடத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மூச்சு விடவில்லை என்பார்களே, அப்படி.
இழுக்க மட்டும் இழுத்தோம்.

லெய்ஃப் அப்போது சீழ்க்கை அடிப்பான்.
வாயிலில் இன்ஜினை அணைத்துக் காத்திருக்கையில்
ஆறு வண்டி தள்ளியும் கேட்கும்.
இருட்டில் அதை வைத்தே அவன் லாரியைக் கண்டுபிடிப்பேன்.
இப்போதும் கேட்கிறது.
உதடு மூடியிருக்க, நெஞ்சுக்குள்ளிருந்து.

இந்த வரிகளை அடித்துவிட்டேன்.
தேதி, இடம், கண்ணால் கண்டது,
இவை போதும் என்கிறார்
மாவட்ட அலுவலகத்துத் திருமதி க்வாலே.

கண்டது:
ஜூன் பத்தொன்பது, மாலை.
தண்ணீர் லாரியின் படியில்
முழங்காலைப் பிடித்துக் குனிந்திருந்தான்.
உதடு நீலம்.
மருத்துவக் கூடாரத்தில் இருமல் மிட்டாய் கொடுத்தார்கள், ஆறு.
இரண்டை எனக்குத் தந்தான்.
ஆவணத்தில் அந்த நாளே இல்லை.
மிட்டாய்க்கு யார் கணக்கு வைப்பார்கள்?

பரிசோதனைக்கு மே மாதம் அழைத்தார்கள்.
குழாயை வாயில் வைத்து
ஊது, ஊது, இன்னும் ஊது என்றார்களாம்.
மே மாதத்தில் அவன் ஊதுவான், ஐயா.
ஜனவரியில், ஏரிக்காற்று பல்லைக் கூசவைக்கும்போது
பேருந்து நிறுத்தத்தில் வைத்து ஊதச் சொல்லுங்கள்.

பதில் வந்தது.
சேவைக்கு நன்றி என்று முதல் வரி.
பத்து சதவீதம் என்று நான்காவது பக்கம்.
மீதி எங்கே என்று அவன் கேட்கவில்லை.
வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி வந்ததும்
சட்டைப்பை தடவி பஃப் தேடுகிறான்.
பனிவாரும் வண்டி வேலை போய்விட்டது.
இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை ஸ்டீராய்டு மாத்திரை;
முகம் ஊதிப்போய், யாரோ போல இருக்கிறான்.
அப்பா கட்டிய சௌனா அறையில்
டயர்களை அடுக்கி வைத்திருக்கிறான்.
ஃபின்லாந்து வழி வந்தவன் வீட்டில்
சௌனா ஆறிக்கிடந்தால் என்ன அர்த்தம் என்று
இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.
அதற்கெல்லாம் கட்டம் இல்லை, தெரியும்.

கோடுகள் தீர்ந்துவிட்டன. தனித்தாளும் முடியப்போகிறது.
மேற்கண்டவை யாவும் உண்மை.
கையெழுத்து.

இது படிவத்துக்கு அல்ல:
நான் எழுந்து கிளம்பும்போது இருமல் வந்தது.
திருமதி க்வாலே நிமிர்ந்து பார்த்தார்.
சளிதான் என்றேன்.
எத்தனை வருஷமாய் என்றார்.
பதில் சொல்லாமல் கையுறை தேடினேன்.
இன்னொரு வெற்றுப் படிவத்தை நீட்டினார்.

அது பேருந்தின் வெயில்மறைப்பில் செருகிக்கிடக்கிறது.
பிள்ளைகள் ஏறுமுன் தினமும் கண்ணில் படுகிறது.
எனக்காகச் சாட்சி எழுத வேண்டுமென்றால்
லெய்ஃப்தான் எழுத வேண்டும்.
அவனுக்கு எழுத்துப்பிழை அதிகம்.
தேதியெல்லாம் மாற்றிப்போடுவான்.
மிட்டாய் இரண்டு என்பதை மட்டும்
சரியாக எழுதிவிடுவான்.